லான் வெட்ட மூன்று பேர் மூன்று ரேட் சொல்கிறார்கள். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

வில்லா_செயலர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் நடுவில் 18 வீடுகள் உள்ள வளாகம் எங்களுடையது. சங்கத்தின் பொறுப்பில் இருக்கும் புல்தரை மொத்தம் 9,600 சதுர அடி, அதாவது 4 கிரவுண்டு. நடுவில் இருக்கும் பூங்கா 100-க்கு 60 அடி. தட்டையான தரை, அருகம்புல் வகையான செலக்‌ஷன் 1 போட்டிருக்கிறோம். மீதியெல்லாம் வீட்டு வாசல் துண்டுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் 20-க்கு 10 அடி. மரநிழல் விழும் இடம் என்பதால் அங்கே பஃபல்லோ புல். புங்கன், வேம்பு, மகிழம் என்று புல்லுக்குள் 22 மரம் நிற்கிறது. தரையிலிருந்து எழும்பும் ஸ்பிரிங்க்ளர் தலை 14.

வெட்டிக்கொண்டிருந்தவர் ஊருக்குப் போய்விட்டதால் ஏழு வாரமாக வெட்டவில்லை. புல் இப்போது அரை அடி நிற்கிறது. மூன்று பேரிடம் விலை கேட்டோம்.

முதலாமவர் ஒரு தடவை வந்து வெட்டிப் போட ரூ.3,600 கேட்கிறார். தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான். வெட்டிய புல்லை நாங்களே வாரிக்கொள்ள வேண்டும்.

இரண்டாமவர் மாதம் ரூ.15,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மாதம் இரண்டு தடவை லான் மூவரில் (தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டு மிஷின்) வெட்டி, ஓரம் எடுத்து, புல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாராம்.

மூன்றாமவர் சதுர அடிக்கு 60 காசு. ஒரு தடவைக்கு ரூ.5,760 ஆகிறது. ஓரம் எடுப்பதும் வாருவதும் அடக்கம், ஆனால் புல்லை வளாகத்துக்குள்ளேயே ஒரு மூலையில் கொட்டிவிடுவார். முதல் தடவைக்கு மட்டும் இரண்டு மடங்கு வேண்டுமாம்.

பரப்பு ஒன்றுதான், புல் ஒன்றுதான். பிறகு ஏன் இவ்வளவு இடைவெளி? முதல் தடவைக்கு இரட்டைக் கூலி கேட்பது நியாயமா? சங்கக் கூட்டத்தில் "3,600-ஐ எடுங்கள்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பச்சை_அளவுகோல் எழுதியது:

சார், பரப்பை விட்டுவிட்டு நிமிஷத்தைப் பிடியுங்கள். இந்த வேலையில் விலை முழுக்க ஆள் நேரம்தான். சதுர அடிக் கணக்கு, அந்த நேரத்தைச் சுருக்கமாகச் சொல்ல வைத்திருக்கும் ஒரு வழி. உங்கள் இடத்துக்கே போட்டுப் பார்க்கலாம்.

18 அங்குல மூவர் ஒரு நடைக்கு ஒன்றரை அடி அகலம் வெட்டும். சாதாரணமாக நடந்தால் நிமிஷத்துக்கு 160 அடி போகலாம். காகிதத்தில் இது நிமிஷத்துக்கு 240 சதுர அடி. ஆனால் ஒவ்வொரு நடையும் முந்தைய நடை மேல் நாலு விரல் ஏற வேண்டும், கோடியில் திரும்ப வேண்டும், புல்பெட்டி நிறைந்தால் நிறுத்திக் கொட்ட வேண்டும். கைக்கு வருவது நிமிஷத்துக்கு 150, பெட்டி கொட்டுவதையும் சேர்த்தால் 100. ஆக உங்கள் நடுப்பூங்கா 6,000 சதுர அடிக்கு ஒரு மணி நேரம்.

வாசல் துண்டுகளுக்கு வாருங்கள். ஒரு துண்டு 200 சதுர அடிதான். 20 அடி போனால் திரும்ப வேண்டும். துண்டு முடிந்ததும் மிஷினை அணைத்து, கல்லைத் தாண்டித் தூக்கி, அடுத்த வீட்டில் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். துண்டுக்கு 4 நிமிஷம் வைத்தாலும் 18 துண்டுக்கு 72 நிமிஷம். பூங்காவைவிடச் சின்னப் பரப்பு, பூங்காவைவிட அதிக நேரம்.

இப்போது ஓரம். பூங்காவின் சுற்றளவு 320 அடி. ஒரு துண்டின் சுற்றளவு 60 அடி, 18-க்கு 1,080 அடி. மொத்தம் 1,400 அடியில் முக்கால் பங்குக்கு மேல் வாசல் துண்டுகளிலேயே இருக்கிறது. ஓரத்தை மூவர் தொடாது. நைலான் கயிறு போட்ட பிரஷ் கட்டரால் கல்லோரமாக எடுக்க வேண்டும். நல்ல கை இருந்தால் நிமிஷத்துக்கு 20 அடி, ஆக 70 நிமிஷம். மரத்தைச் சுற்றி எடுக்க மரத்துக்கு 2 நிமிஷம், 22 மரத்துக்கு 44 நிமிஷம். பிறகு வாரி, சாக்கில் அடைத்து, நடைபாதையைப் பெருக்க 80 நிமிஷம் போகும்.

கூட்டினால் 326 நிமிஷம். ஒரே ஆள் செய்தால் ஐந்தரை மணி நேரம், இரண்டு பேர் என்றால் முக்கால்வாசி அரைநாள். இதில் நடுப்பூங்காவை வெட்டும் ஒரு மணி நேரம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இதே 9,600 சதுர அடி ஒரே செவ்வகமாக, மரமில்லாமல் இருந்திருந்தால் சுமார் ஐந்தில் மூன்று பங்கு நேரத்தில் முடிந்திருக்கும். உங்கள் மூன்று பேரில் யார் வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு விலை சொன்னார், யார் போனிலேயே பரப்பைக் கேட்டுச் சொன்னார் என்று யோசியுங்கள். பார்க்காமல் சொன்னவர் இரண்டாவது தடவை வரும்போது ரேட்டை ஏற்றுவார், இல்லையென்றால் ஓரத்தை விட்டுவிட்டுப் போவார்.

இந்த 326-ஐ நீங்களே குறைக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 2 அடி ஆரத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, தென்னை மட்டைத் துண்டோ காய்ந்த சருகோ 3 அங்குல கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் ஒரு கை அளவு இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தேங்கிப் பட்டை அழுகும். 22 மரத்துக்கும் சேர்த்து சுமார் 70 கன அடி சருகு பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் மிச்சம். அதைவிட முக்கியம், மரம் பிழைக்கும். நைலான் கயிறு வாராவாரம் ஒரே உயரத்தில் தண்டை உரசினால் இளம் மரத்தின் பட்டை வளையம் போல உரிந்துவிடும். பட்டைக்கு அடியில்தான் இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்கும் பாதை இருக்கிறது. வளையம் முழுசாகச் சுற்றி வந்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும், மரம் ஒன்றிரண்டு வருஷத்தில் காய்ந்துவிடும். உங்கள் மகிழ மரங்களின் அடித்தண்டைக் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில் வெளிறிய வடு இருந்தால், பழைய ஆள் கயிற்றால் அடித்திருக்கிறார்.


டூஸ்ட்ரோக்_பட்டறை எழுதியது:

மிஷின் பக்கம் நான் சொல்றேன் சார்.

3,600-காரர் பிரஷ் கட்டர் மட்டும் கொண்டு வர்றதுதான் அந்த ரேட்டுக்குக் காரணம். மிஷினை டூ வீலர்ல வச்சே எடுத்துட்டு வந்துடலாம். மூவர், ரேக், சாக்கு எல்லாம் வேணும்னா குட்டியானை வண்டி வாடகை சேரும், கூட ஒரு ஆள் சேரும்.

பிரஷ் கட்டர் களை காட்டை, வரப்பை, காலி மனையை வெட்டுற மிஷின். அதுக்குச் சக்கரம் கிடையாது, உயரம் பிடிக்கிற பூட்டும் கிடையாது. உயரம் முழுக்க ஆள் தோள்ல இருக்கு. வலது பக்கமிருந்து இடது பக்கம் வீசும்போது வீச்சோட நடுவுல தலை தாழும், ரெண்டு கோடியிலும் தூக்கும். வெயில்ல ஒரு மணி நேரம் வீசின பிறகு தோள் இறங்கும், தலையும் கூடவே இறங்கும். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா தரை முழுக்கப் பிறை பிறையா மஞ்சள் பட்டை தெரியும். அந்த இடமெல்லாம் மொட்டை அடிச்சது. மொட்டை அடிச்ச இடத்துல வெளிச்சம் நேரா மண்ணுல படும், முதல்ல எழும்புறது கோரைதான்.

முதலாமவரை எடுத்தா வெட்டுறதுக்கு மட்டும்தான் காசு கொடுக்கிறீங்க. வாரணும்னா ரெண்டு ஆள் அரைநாள் உங்க செலவு. 3,600-ஐ அப்படியே 5,760 பக்கத்துல வச்சுப் பார்க்காதீங்க, அந்தக் கூலியையும் சேர்த்துட்டுப் பாருங்க.

பெட்ரோல் விலையைக் காரணம் சொன்னா அப்படியே ஒத்துக்காதீங்க. 35-லிருந்து 50 சி.சி. பிரஷ் கட்டர் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் குடிக்கும். டூ ஸ்ட்ரோக்னா லிட்டருக்கு ஆயில் 20 மில்லியோ 40 மில்லியோ, கம்பெனி சொல்ற அளவைப் பொறுத்து. மூவர் மிஷினும் மணிக்கு ஒரு லிட்டருக்குள்ளதான். உங்க இடத்துக்கு எல்லாம் சேர்த்து 4 லிட்டர், மிஞ்சிப்போனா 5 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலும் 500-க்குள்ள முடிஞ்சிடும். மிச்சமெல்லாம் ஆள் கூலி, வண்டி, மிஷின் தேய்மானம்.

தேய்மானத்துல ரெண்டு விஷயம் உங்க இடத்துக்குப் பொருந்தும். நைலான் கயிறு கல்லோரத்துல அடிச்சா வேகமாத் தேயும். 1,400 அடி ஓரம்னா ஒரு தடவைக்கே பல மீட்டர் போயிடும். இன்னொன்னு பிளேடு. மூவர் பிளேடை 20, 25 மணி நேரத்துக்கு ஒருதடவை தீட்டணும். மண்ணும் மணலும் கலந்த உங்க பக்கத்து தரையில அதுக்கு முன்னாடியே மழுங்கும். மழுங்கின பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். வெட்டின மறுநாள் ஒரு புல்லைப் பிடுங்கி நுனியைப் பாருங்க. நேரா, பச்சையா இருந்தா பிளேடு சரி. நார் நாராக் கிழிஞ்சு வெள்ளையா இருந்தா தீட்டாத பிளேடு. தூரத்துல பார்த்தா லான் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். ரேட் பேசும்போதே "பிளேடு எப்போ தீட்டினீங்க"ன்னு கேளுங்க. பதில் சொல்ற விதத்துலயே ஆள் தெரிஞ்சிடும்.

முதல் தடவைக்கு ரெண்டு மடங்கு கேட்டது நியாயம்தான். நான் சொன்னா இன்னும் கொஞ்சம் கூடவே சொல்லுவேன். அரை அடிப் புல்லு மேல நேரா மூவரை விட்டா மிஷின் மூச்சு முட்டி நிக்கும், பெட்டி பத்து அடிக்கு ஒருதடவை நிறையும். முதல்ல பிரஷ் கட்டரால மேல்புல்லை வாங்கணும், வாரணும், அப்புறம் மூவரை உயரமான பூட்டுல வச்சு ஒரு ஓட்டு. வெட்டுறதைவிட வாருறதுதான் அன்னைக்குப் பெரிய வேலை.

ஆனா ஒரே நாள்ல பழைய உயரத்துக்குக் கொண்டு வர்றேன்னு யாராவது சொன்னா விடாதீங்க. ஒரு தடவைல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்கக் கூடாது. 6 அங்குலத்திலிருந்து 4, அப்புறம் சுமார் இரண்டே முக்கால், அப்புறம் ஒண்ணே முக்கால். மூணு வெட்டு, நடுவுல அஞ்சாறு நாள் இடைவெளி. உயரமா வளர்ந்த புல்லுக்கு இலை மேல் பாதியிலதான் இருக்கும், கீழே வெறும் தண்டு. ஒரே வெட்டா அடிச்சா தண்டு மட்டும் நிக்கும். செலக்‌ஷன் 1 மண்ணுக்குள்ள கிழங்கு மாதிரி தண்டு ஓட்டும், தண்ணி கொடுத்தா ரெண்டு மூணு வாரத்துல எழுந்துடும். பஃபல்லோவுக்கு மேல்தரையில ஓடுற கொடி மட்டும்தான். அதை வெட்டிட்டீங்கன்னா திரும்பி வர மாசக்கணக்காகும், சில இடம் வராமலே போகும். வாசல் துண்டுல உயரத்தை 2 அங்குலத்துக்குக் கீழே இறக்கவே வேண்டாம். நிழல்ல 3 வரைக்கும் விட்டாலும் தப்பில்லை.


வில்லா_செயலர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மகிழ மரங்களைப் போய்ப் பார்த்தேன். ஐந்து மரத்தில் வடு இருக்கிறது, ஒன்றில் கிட்டத்தட்ட முழு வளையம். மனசு கஷ்டமாகிவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். மாதம் இரண்டு வெட்டு வருஷம் முழுக்கப் போதுமா? சங்கத்திலேயே மிஷின் வாங்கி வாட்ச்மேனை வெட்டச் சொல்லலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது கட்டுப்படியாகுமா?


நாற்றங்கால் எழுதியது:

மாதம் இரண்டு என்ற கணக்கு பில் போட வசதியானது, புல்லுக்கு அது தெரியாது. சென்னைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வளர்ச்சி மந்தம், 15 நாளுக்கு ஒரு தடவை தாராளமாகப் போதும். கோடையில் தண்ணீர் எவ்வளவு விடுகிறீர்களோ அவ்வளவு வளரும். வெயிலும் தண்ணீரும் சேர்ந்தால் இந்தப் புல்வகைகளுக்குக் கொண்டாட்டம். ஜூலையில் சாயங்கால மழை தொடங்கியதும் வேகம் பிடிக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாரத்துக்கு ஒன்று தேவைப்படும், ஆனால் அப்போதுதான் தரை காயாமல் வெட்ட முடியாமலும் போகும்.

அதனால் மாதக் கணக்கை விட்டு வருஷக் கணக்கில் பேசுங்கள். முதல் காலாண்டில் 6, அடுத்ததில் 8, ஜூலை முதல் செப்டம்பர் வரை 9, மழைக்காலத்தில் 11 என்று வைத்தால் 34 வெட்டு. இரண்டாமவரின் ஒப்பந்தத்தில் உங்களுக்குக் கிடைப்பது 24. வருஷத்துக்கு 1,80,000 ரூபாயை 24-ஆல் வகுத்தால் வெட்டுக்கு 7,500, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 8,850. மூன்றாமவரிடம் 34 வெட்டுக்கு 1,95,840 ஆகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றாமவர் கூடுதல் மாதிரி இருக்கும். அவரிடம் பத்து வெட்டு அதிகம், அதில் பாதி மழைக்காலத்தில். புல்லை வெளியே எடுத்துப் போகும் செலவு மட்டும் அவர் கணக்கில் இல்லை.

"வெட்டைக் குறைத்தால் காசு மிச்சம்" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். மழைக்காலத்தில் 15 நாள் விட்டால் புல் இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கும். அன்றைக்கு ஆகும் நேரமும் கூடும், மூன்றில் ஒரு பங்கு விதியும் உடையும், தரை மஞ்சளாகும். இப்படி நான்கைந்து தடவை நடந்தால் அடுத்த கோடையில் புதுப் புல் பதிக்கும் செலவு வந்து நிற்கும். வெட்டைக் குறைக்க வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் குறையுங்கள்.

உரத்தையும் கவனியுங்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 1,000 சதுர அடிக்கு ஒரு கிலோ என்பது ஒரு தடவைக்கு உச்ச அளவு, உங்கள் 9,600 சதுர அடிக்கு ஒன்பதரை கிலோ. அதைக்கூட மாதாமாதம் போட வேண்டியதில்லை. பச்சையாகக் காட்ட வேண்டும் என்பதற்காக மாதாமாதம் அள்ளிப் போடும் ஆட்கள் உண்டு. அப்போது புல் நாலே நாளில் விரல் நீளம் எழும்பும், நீங்கள் வெட்டுக் கூலி கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். ஈரப்புல் மேல் தூவினால் இலையும் கருகும். காய்ந்த புல் மேல் தூவி, உடனே தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்க வேண்டும். நிழலில் இருக்கும் பஃபல்லோவுக்குப் பாதி அளவு போதும்.

களை எடுப்பது வெட்டு ரேட்டில் சேராது, தனியாகக் கேளுங்கள். கோரை மேலே வெட்ட வெட்ட அடியில் கிழங்கிலிருந்து மறுபடி வரும். குத்தூசியால் கிழங்கோடு எடுக்க வேண்டும். அது நாள்கூலி வேலை, சதுர அடியில் அடங்காது. "எல்லாம் அடக்கம்" என்று ஒருவர் சொன்னால் களையும் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள்.

வெட்டிய புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத்துக்கு ஒன்று என்று வெட்டினால் விழுவது அரை அங்குலத் துணுக்குதான். மழை இல்லாத வாரங்களில் அதைப் பெட்டியில் பிடிக்காமல் அப்படியே விடலாம். சில வாரங்களில் மட்கி மண்ணுக்குப் போகும், தழைச்சத்தும் திரும்பக் கிடைக்கும். வாரும் நேரம் பாதியாகக் குறையும், அதற்கு ரேட்டில் கழிவு கேட்கலாம். நீளமான புல்லையும் ஈரப்புல்லையும் விடக் கூடாது. கட்டி கட்டியாக உட்கார்ந்து அடியில் இருக்கும் புல்லை வேகவைத்துவிடும்.


கணக்கு_நோட்டு எழுதியது:

வாட்ச்மேன் யோசனைக்குப் பதில் சொல்கிறேன். கட்டுப்படியாவது இரண்டாம் பட்சம். காவல் வேலைக்கு வந்தவரிடம் பழக்கமில்லாத சுழல் மிஷினைக் கொடுப்பது தவறு. பிரஷ் கட்டர் ஓடும்போது சுற்றி 15 மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது என்று மிஷின் புத்தகமே சொல்கிறது. கண்ணாடி, முழங்கால் வரை காப்பு, கெட்டிக் காலணி வேண்டும். செருப்புக் காலோடு வெட்டவிட்டு ஏதாவது நடந்தால் அவர் குடும்பம்தான் தெருவில் நிற்கும், சங்கமும் பதில் சொல்ல வேண்டிவரும். 326 நிமிஷ வேலைக்கு அவர் உள்ளே போனால் வாசலில் யார் இருப்பார்கள்? தவிர மிஷின் வாங்கினால் பிளேடு, கயிறு, ஏர் ஃபில்டர், சர்வீஸ் எல்லாம் சங்கத்தின் தலையில். மிஷின் பழுதான வாரம் புல் வளர்வது நிற்காது. 4 கிரவுண்டுக்கு வெளி ஆள்தான் சரி என்பது என் கருத்து.

வரி விஷயம். பதிவு செய்தவர் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் போடத்தான் செய்வார். வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன ஒப்பந்தக்காரர் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் ஜி.எஸ்.டி. போடவும் கூடாது. மூன்றாமவர் பில்லில் திடீரென்று 18 சதவீதம் முளைத்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். உங்கள் சங்கம் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே வருமான வரியைக் கழித்துக் கட்டுவது) பிடிக்கும் பொறுப்பு உண்டு. ஒரே பில் 30,000 தாண்டினாலோ, வருஷ மொத்தம் 1 லட்சம் தாண்டினாலோ, தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2 சதவீதம். இரண்டாமவர், மூன்றாமவர் இருவரின் வருஷத் தொகையுமே லட்சத்தைத் தாண்டுகிறது. பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் அதைக் கழித்துவிட்டு மீதிக்குப் பிடித்தால் போதும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்ன ஆட்களுக்கு முதல் மாதம் தொகை குறையும்போது சண்டை வரும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிக்க வேண்டிவரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத் தாளில் நான் எழுதச் சொல்வது: எத்தனை வெட்டு, எந்த மாதத்தில் எத்தனை. வெட்டும் உயரம், பூங்காவுக்கு ஒன்று, வாசல் துண்டுக்கு ஒன்று. ஓரம் எல்லாத் தடவையுமா, ஒன்றுவிட்டு ஒரு தடவையா? நான் இரண்டாவதைச் சொல்வேன், ஜனவரி முதல் மார்ச் வரை ஓரம் அவ்வளவு ஏறாது. மழையால் வர முடியாத நாளுக்குப் பணம் இல்லை, ஆனால் அந்த வெட்டு தரை காய்ந்த மூன்று நாளுக்குள் நடக்க வேண்டும். மாதக் கணக்கில் பணம் கொடுத்தால் நவம்பரில் மழையைக் காட்டி ஒரு வெட்டோடு முடித்துக்கொள்வார்கள், நீங்கள் இரண்டுக்குக் கொடுத்திருப்பீர்கள். வெட்டுக் கணக்கில் கொடுப்பதுதான் சங்கத்துக்குப் பாதுகாப்பு.

சேதப் பொறுப்பையும் எழுதுங்கள். சிறு கல் கயிற்றில் பட்டால் கார் கண்ணாடி போய்விடும். வெட்டும் நாளுக்கு முதல் நாள் ராத்திரியே வாசல் ஓரக் கார்களை நகர்த்துவது உங்கள் பொறுப்பு, கல், குச்சி பொறுக்கிவிட்டு மிஷினை எடுப்பது அவர் பொறுப்பு. 14 ஸ்பிரிங்க்ளர் தலைக்கும் பக்கத்தில் சின்னக் கொடி நடுங்கள். எழும்பி மாட்டிக்கொண்ட தலை ஒன்று மூவர் பிளேடில் பட்டால் தலையும் போகும், பிளேடும் வளையும். கொடி நட்ட பிறகும் உடைத்தால் அவர் செலவு, நடாமல் விட்டால் உங்கள் செலவு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் மனஸ்தாபம் வராது.

புல்லைக் கொட்டுவது: மூன்றாமவர் மூலையில் கொட்டுவதை அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் நாறும், பாம்புக்கும் இடம் கொடுக்கும். எரிக்கவும் கூடாது. மூலையில் 4 அடிக்கு 4 அடி வலைக்கூண்டு இரண்டு வைத்து, ஒரு பங்கு பச்சைப்புல்லுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை என்று மாற்றி மாற்றிப் போட்டால் நாற்றம் வராது. உங்களிடம் 22 மரத்துச் சருகு சும்மா கிடைக்கிறதே. பச்சை_அளவுகோல் சொன்ன மர வளையத்துக்கும் அதே சருகுதான். இது முடியாது என்றால் எடுத்துப் போக வண்டிக்கு ஒரு நடைக்கு எவ்வளவு என்று தனி வரியாகக் கேளுங்கள், ரேட்டுக்குள் மறைய விடாதீர்கள்.


வில்லா_செயலர் எழுதியது:

அளவு, ஓர நீளம், மர எண்ணிக்கை எல்லாம் போட்டு ஒரு தாள் தயார் செய்து மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டேன். நேரில் வந்து பார்த்துவிட்டு மறுபடி விலை சொல்லச் சொன்னேன். வெட்டுக்கு இவ்வளவு, ஓரத்துக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று பிரித்துக் கேட்டிருக்கிறேன். மரங்களுக்கு இந்த வாரமே வளையம் எடுக்கிறோம்.

கடைசியாக ஒன்று. காலை 6 மணிக்கே வந்துவிடுகிறேன், வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று மூன்றாமவர் சொல்கிறார். சரியா?


டூஸ்ட்ரோக்_பட்டறை எழுதியது:

6 மணிக்கு வேணாம் சார். பனி இறங்கின புல்லு ஈரமா இருக்கும், பெட்டி வாய்ல அடைச்சுக்கும், சக்கரத் தடம் விழும், வழுக்கவும் செய்யும். காலைல வெறுங்காலோட புல்லு மேல நாலு அடி நடந்து பாருங்க. பாதம் ஈரமாகலைன்னா வெட்டலாம். வெயில் நாள்ல 8 மணிக்கு மேல, மார்கழியில 9 ஆகும். அவர் 6 மணிக்கு வரட்டும், முதல் ரெண்டு மணி நேரம் கல் பொறுக்கி, களை எடுக்கட்டும். வீடுகள்ல தூங்குறவங்களுக்கும் மிஷின் சத்தம் கேட்காது. பெட்ரோல் ஊத்துறது மட்டும் ரோட்டுல வச்சு ஊத்தச் சொல்லுங்க. புல்லு மேல வச்சு ஊத்தினா சிந்துற இடம் தட்டு அளவுக்குக் கருகிப் போயிடும்.